ஜெயித்தோம் என்று சொன்ன கடை

அமெரிக்காவில் இருந்த வருடங்களில் என் வேலை ஸ்கோர்போர்டு. சின்னச் சின்ன ஊர்களின் பேஸ்பால் மைதானங்களில் பெரிய மின்பலகை பொருத்துவார்கள். அதை இயக்கும் மென்பொருளை ஏற்றி, உள்ளூர் ஆட்களைப் பழக்கி, சில ஆட்டங்கள் கூடவே இருந்து பார்த்துவிட்டு நான் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன். பெட்டியைப் பிரிக்காமலே சீசன் முடிந்துபோகும்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு முதலில் ஒன்றும் தெரியாது. திருத்தணியிலிருந்து போன் செய்யும் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அதைவிடத் தெரியாது. "கிரிக்கெட் மாதிரிங்கற, ஸ்டம்பு இல்லைங்கற. அப்புறம் இன்னாத்தம்மா காப்பாத்திகினு நிக்கிறானுங்க?" என்பார். கரும்பு வெட்டு, ஆலைக்கு லாரி வராத கோபம், அக்காவும் அவள் வீட்டுக்காரர் பாவாவும் வந்துபோனது என்று பேச்சு அவர் பக்கம் திரும்பிவிடும்.

சான் அன்டோனியோ நகரத்தில் ஒரு பகலாட்டம். பத்திரிகைக்காரர்கள் உட்காரும் அறையின் மூலையில் என் மடிக்கணினியோடு நான் உட்கார்ந்திருந்தேன். மைதானத்தில் கிடைத்ததெல்லாம் பன்னுக்குள் வைத்த இறைச்சியும், மஞ்சள் கூழ் ஊற்றிய சிப்ஸும்தான். கைப்பையிலிருந்து ஆவக்காய் பாட்டிலை எடுத்து வெறும் பன்னுக்குத் தொட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரன் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், "எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டான். ஒரு துண்டை வாயில் போட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்தான்.

"நீ தேடறது இந்த மைதானத்துக்குள்ள கிடைக்காது. ஆட்டம் முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

எழுந்தபோது அவனுடைய இரண்டு முட்டியும் சத்தம் போட்டன. அவன் கேட்சராக இருந்தவன். நம் விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனால் ஆட்டம் முழுக்கக் குந்தியே இருக்கவேண்டும். பெரிய அணிகளுக்குப் போக முடியாமல் சிறிய லீக்குகளிலேயே வருடங்களைக் கழித்துவிட்டு, முட்டி போனதும் எழுத வந்தவன். அப்போது சின்ன ஊர் மைதானங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தான். அதற்காக ஊர் ஊராகச் சுற்றினான். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவனாக இருப்பான்.

அன்று அவன் கூட்டிப்போன இடம் கார் பழுது பார்க்கும் பட்டறையை ஒட்டிய ஒரு மெக்சிகோக் கடை. சுடச்சுட ரொட்டி வந்தது, கூடவே ஒரு கல் கிண்ணத்தில் சிவப்பாக ஏதோ வந்தது. சுட்ட தக்காளி, சுட்ட மிளகாய், பூண்டு, உப்பு, கொத்தமல்லித் தழை, கல்லிலேயே நசுக்கியது. அம்மா அம்மியில் அரைக்கும் பச்சடியேதான். ரொட்டியை மறந்துவிட்டு அதை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டேன். அவன் இன்னொரு கிண்ணம் சொன்னான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்வரிசையைப் பொருத்திப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தோம். எனக்கு டூசானில் வேலை என்றால் அவனும் அந்த வாரம் டூசான் மைதானத்தைப் பற்றி எழுத வருவான். எல் பாசோ, ஃப்ரெஸ்னோ, ஒருமுறை வடக்கே டொலீடோ வரைக்கும். கடை கண்டுபிடிக்க அவனிடம் ஒரே வழிதான் இருந்தது. ஓட்டலில் கேட்கமாட்டான், போனில் தேடமாட்டான். மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களிடம் போய், "நீங்க மத்தியானம் எங்க சாப்பிடறீங்க?" என்று கேட்பான். அவர்கள் காட்டிய இடங்கள் விசித்திரமானவை. டூசானில் ஒரு வீட்டு முற்றத்தில் மேசை விரிப்பு அளவுக்கு மெல்லிய ரொட்டி. டொலீடோவில் ஒரு மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நான்கே நாற்காலி.

ஃப்ரெஸ்னோவில் ஒரு கடைக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். பழக்கமான வாசனை, ஆனால் சாப்பாட்டு வாசனை இல்லை. பின்கட்டில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையடித்த வீடும் வெற்றிலைப் பெட்டியும் சேர்ந்தாற்போல் இருந்தது. அப்படி வேகவைத்து அரைத்தால்தான் அந்த ரொட்டி விரிசல் விடாமல் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கிருத்திகை அன்று நான் கவிச்சி சாப்பிடமாட்டேன். அது அவனுக்குத் தெரியும். கடைக்குள் போகும்போதே, "இன்னைக்கு உன்னோட மலைச்சாமி நாளா?" என்று கேட்பான். ஆமாம் என்றால் பயறு மசித்து வைத்த ரொட்டியை அவனும் சொல்லிக்கொள்வான்.

அந்தப் பத்திரிகை அறைகளில் அவனைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவர் முன்னாள் நடுவர். அவருடைய கட்டுரை எதுவானாலும் ஏதாவது ஒரு பழைய சண்டையில்தான் போய் முடியும். இன்னொருவர் இளம் ஆட்டக்காரர்களைத் தேடி ஊரூராகப் போனவர். ஆட்டத்தைவிட அந்தப் பையன்களின் அம்மாக்களைப் பற்றி அதிகம் எழுதுவார். கல்லூரியில் படித்துவிட்டு எழுத வந்தவர்கள் பந்து எங்கே போனது என்று எழுதினார்கள். ஆட்டத்துக்கு உள்ளே இருந்து வந்தவர்களுக்கு, பந்து கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நடந்தவை மேல்தான் கண். எறிகிறவன் மண்ணைக் காலால் கிளறியது, கேட்சர் விரலால் சைகை காட்டியது, எறிகிறவன் தலையாட்டி மறுத்தது.

அவன் எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் எனக்குப் படித்துக் காட்டுவான். "உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்பான். புரியாத இடத்தில் கையைத் தூக்குவேன். பேனாவால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவான்.

ஒன்றை மட்டும் நான் மெதுவாகத்தான் கவனித்தேன். எந்தக் கடைக்குப் போனாலும் பச்சை மிளகாயும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஒரு குழம்பு கிடைக்குமா என்று கேட்பான். கிடைத்தால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்பான். அந்த "நல்லா இருக்கு"வில் ஏதோ ஒரு குறை இருக்கும். அல்புகர்க்கியில் அதே மாதிரி சொன்னபோது கேட்டேவிட்டேன்.

"நீ எதைத் தேடிட்டிருக்க?"

கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான். கடைசி சீசனில் ஒரு காலை, மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான். வழியில் பாலைவனத்தில் ஏதோ ஒரு ஊரில் பஸ் ரிப்பேராகி நின்றுவிட்டது. எதிரே ஒரு கடை. உள்ளே போனான். கடைக்கார அம்மா பையைப் பார்த்துவிட்டு, "ஆட்டம் என்னாச்சு? ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார்.

"நான் ஜெயிச்சோம்னு சொல்லிட்டேன்," என்றான். "அந்தம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஜெயிச்ச பிள்ளைக்குன்னு சொல்லி ரெண்டு ரொட்டி கூடப் போட்டாங்க. இந்தக் குழம்புதான். மிளகாய் காரத்துல அழற மாதிரி காட்டிக்கிட்டு மொத்தத்தையும் சாப்பிட்டேன்."

"எந்த ஊரு அது?"

"அதுதானே தெரியல. பெயர்ப் பலகையைக்கூட நான் பார்க்கல."

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதிப் பார்த்ததாகச் சொன்னான். "அவங்க கேட்ட கேள்வி வரைக்கும் வருது. என் பதில் வந்ததும் கை நின்னுடுது."

மறுநாள் எனக்கு வேலையில்லை. அவனுடைய பழைய காரில் தெற்கே கிளம்பினோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பஸ் நிற்கக்கூடிய ஊர் ஒவ்வொன்றிலும் நின்றோம். மண் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் பங்க். நான் காரை விட்டு இறங்கி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கேட்பேன். சில கடைகள் மூடிக்கிடந்தன. ஒரு ஊரில் கடை இருந்த இடத்தில் டயர் விற்றார்கள். வெயில் ஏறிய பிறகு ஒரு வேப்பமரம் மாதிரி தெரிந்த மரத்தடியில் காரை நிறுத்தி, வாங்கி வந்திருந்த ரொட்டியைச் சாப்பிட்டோம். கிட்டே போய்ப் பார்த்தேன், வேம்பு இல்லை. "உங்க ஊர்ல இருக்கற மரமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். எங்கள் ஊர் மலை, மழைக்குப் பிறகு அது இருக்கும் பச்சை, அதற்குப் பின்னால் ஆந்திரா பக்கம் போகிற பஸ் ரோடு, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடை கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பகல் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த சீசன் முடிவதற்குள் அக்கா போன் செய்தாள். நைனா வயலிலேயே விழுந்துவிட்டார், வலது பக்கம் வரவில்லை, பேச்சு குழறுகிறது. "நீ வந்தா தேவலடி" என்றாள். அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

விமான நிலையத்துக்கு அவன்தான் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் நைனாவைப் பற்றியே கேட்டான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அடுத்த சீசனுக்கு வந்துடுவல்ல?" என்றான்.

"பார்க்கலாம்" என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான். அவன் காரில் ஏறிக்கொண்டான்.

திரும்பிப் போகவில்லை. நைனாவுக்குப் பேச்சு வரவே பல மாதங்கள் ஆயின. கோலூன்றி வாசல் வரை நடக்க இன்னும் பல மாதங்கள். அங்கே இருந்தபோது ஏங்கியதெல்லாம் இங்கே தினமும் தட்டில் இருந்தது. ஆவக்காய் ஜாடி முழுக்க. ஆனால் காலையில் பல் துலக்கும்போதே சுட்ட மக்காச்சோள ரொட்டியின் நினைப்பு வந்துவிடும்.

ஒருநாள் தாங்கமுடியாமல் பஜாருக்குப் போய் மக்காச்சோளம் கேட்டேன். "கோழிக்குங்களா?" என்றார் கடைக்காரர். ஆங் என்று சொல்லிவிட்டேன். மலையடிவாரத்து வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கினேன். இரண்டையும் சேர்த்து வேகவைத்து, ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவி, கிரைண்டரில் போட்டேன். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்ப யாராவது மாவுல கலப்பாங்களா? வாயி வெந்து பூடும்."

"கழுவிட்டேம்மா."

"இன்னாத்த கழுவின போ."

தட்டையாக வரவில்லை. தோசைக்கல்லில் ஓரமெல்லாம் பிளந்தது. அக்காவும் பாவாவும் அன்று வந்திருந்தார்கள். பாவா ஒரு துண்டு பிய்த்து, ரொம்ப நேரம் மென்றுவிட்டு, "வித்தியாசமா கீது" என்று மட்டும் சொன்னார். நைனா இடது கையால் எடுத்தார். தக்காளிப் பச்சடியைத் தொட்டு ஒன்று, பிறகு இன்னொன்று. குழறலோடு மெதுவாகச் சொன்னார்: "நல்லாதாம்மா கீது. அங்க இதான் துன்னுகினு இருந்தியா?"

ஆமாம் நைனா என்றேன். கல்லில் இருந்ததைத் திருப்பிப் போடப் போய்விட்டேன்.

போன ஆடிக் கிருத்திகை அன்று சாயங்காலம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. எப்போதாவது பேசுவோம்தான், ஆனால் சொல்லாமல் கூப்பிட மாட்டான். ரோடு முழுக்கக் காவடி. அரோகரா சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துணிக்கடைக்குள் ஒதுங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றான். அங்கே அப்போது காலை. அந்தக் கடை வாசலில் நின்றுதான் பேசினான். நாங்கள் அன்று போன ரோட்டிலேயே, நாங்கள் திரும்பிய இடத்துக்கு அடுத்த ஊர்.

"அந்தம்மா?"

"இருக்காங்க. ரொம்ப வயசாயிடுச்சு. மக கடையைப் பாத்துக்கறாங்க. நான் போய் உக்காந்து, இத்தனை வருஷத்துக்கு முன்னாடி வந்தேன், ஜெயிச்சோம்னு பொய் சொன்னேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"என்னை ஞாபகமே இல்லை. இந்த வழியா போற ஆட்டக்காரப் பசங்க எல்லாரும் ஜெயிச்சோம்னுதான் சொல்லுவாங்க, நான் எல்லாருக்குமே ரெண்டு ரொட்டி கூடப் போடுவேன்னாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். துணிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"குழம்பு எப்படி இருந்துச்சு?"

"சுமார்தான்," என்றான். "டொலீடோவுல அந்த மளிகைக் கடையில சாப்பிட்டோமே, அதுகூட இதைவிட நல்லா இருந்துச்சு." பிறகு, "நீ இருந்திருக்கணும்" என்றான்.

ஒரு பெரிய காவடிக் கூட்டம் மேளத்தோடு கடையைத் தாண்டிப் போனது. அது என்ன சத்தம் என்று கேட்டான். போனை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கூட்டம் முழுவதும் போய் முடியும் வரை அவன் வைக்கவில்லை.

புத்தகத்தில் அந்தக் கடையைப் பற்றிய அத்தியாயத்தை இப்போது எழுதி முடித்துவிட்டானாம். எனக்கு அனுப்பி, புரியாத இடத்தில் கையைத் தூக்கச் சொன்னான். தூக்க ஒரு இடமும் இல்லை. "நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன்.

வாரத்தில் சில நாள் நான் சென்னையில் அலுவலகம் போகிறேன். காலை ரயிலில் உட்காரும்போது அங்கே மேற்குக் கரை ஊர்களில் முந்தின நாள் மாலை ஆட்டம் நடக்கும். இயர்போனில் வர்ணனை கேட்டுக்கொண்டே போவேன். பேசுகிறவர் ஒரு பழைய ஆட்டக்காரர். அவசரப்படாமல், வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர் போலப் பேசுவார். போன வாரம் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "இன்னாங்க, தனியா சிரிச்சிகினு வர்றீங்க? பாட்டா?" என்றாள்.

"இல்லைங்க. ஆட்டம்."

ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டாள். "ஒரு எழுத்தும் புரியல. ஆனா அந்த ஆளு நல்லா பேசறாரு" என்றாள். அரக்கோணம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் காதிலிருந்து அதை எடுக்க மனம் வரவில்லை. நான் அசையாமல் மற்ற காதால் கேட்டுக்கொண்டே போனேன்.