கத்தி கீறாத கண்ணாடி

பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வு கண்ணாடியின் வன்மை பற்றியது. வைரமுனையால் அழுத்தி, பதியும் தடத்தை அளந்து, கண்ணாடி எந்த அழுத்தத்தில் இளகிக்கொடுக்கும் என்று கணிப்போம். அந்த எண் சாதாரண உருக்கின் எண்ணைவிடப் பெரிதாக வரும். ஆனால் அது முனையின் கீழுள்ள துளியிடத்துக்கு மட்டுமே பொருந்தும். இதையும் எழுதித்தான் புள்ளி வாங்கினேன்.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுச் சமையல் மேடைக்கு அம்மா கண்ணாடிப் பலகை போடுவித்திருந்தார். ஞாயிறுகளில் சமைக்க வரும் அக்கா கொட்டாஞ்சேனைக்காரர். மற்ற நாட்களில் வீட்டில் இடியப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுப்பார். இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கைகளின் உழைப்பில்தான் நடந்தது. நண்டுக்கால்களைக் குழவியால் தட்டுமுன் சாக்கொன்றை நாலாக மடித்து விரிப்பது அவர் வழக்கம்.

ஒரு ஞாயிறன்று, சாக்கு நாறுகிறது என்று அம்மா சலித்துக்கொண்டார். நான் கத்திமுனையைக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தேன். ஒரு கோடும் விழவில்லை.

"கத்தியே தோத்துப்போச்சு. சாக்கு என்னத்துக்கு அக்கா?"

"கத்தி கீறத்தானே செய்யுது தம்பி. நான் போடப்போறது அடியாச்சே."

"இஞ்ச பார் பிள்ளை, இவன் நாலு வருஷம் இதைத்தான் படிச்சவன்," என்றார் அம்மா. "நண்டுக்கும் இவன்தான் சேர்டிபிகேட் குடுக்கோணும்."

அக்கா சிரித்துக்கொண்டே சாக்கை எடுத்துவிட்டார்.

மூன்றாவது அடியில் பலகை வெடித்தது. அந்த அடி பலகையை வளைத்திருக்கிறது. கீழ்ப்புறம் இழுபட, கண்ணுக்குத் தெரியாத ஏதோவொரு கீறல், கண்ணாடி இளகும் எல்லைக்கு வெகு முன்னரே திறந்துகொண்டது. நீண்ட துண்டொன்று அவருடைய வலது உள்ளங்கையில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். ஆயினும் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

"பிழை என்னில அக்கா. அம்மா உங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் சொல்லிப்போடுறன்."

"ஐயோ, சொல்லிறாதீங்க தம்பி. பலமா போட்டது நானுன்னே இருக்கட்டும். மகன் மேல பிழைன்னா, என் கைய பார்க்கவே அவங்களுக்கு ஒருமாதிரி இருக்கும். அப்புறம் என்னைய கூப்பிட மாட்டாங்க. அந்த ஞாயித்துக்கிழமை காசும் போயிரும்."

உண்மையைச் சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்று நான் எண்ணிப் பார்த்திருந்தேன். அந்தக் கணக்கில் இது இருக்கவில்லை. தலையைத் திருப்பினேன். அடுப்படியில் அவருடைய மூத்த மகள், பாடசாலை நாளிலும் வீட்டுச் சட்டையோடு, இடியப்ப உரலை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.