மல்லாட்டை மூட்டையும் கலைப்பிரியா மிஸ்ஸும்

“யாரு மிஸ் ஜெயிச்சது?” என்று கேட்டுக்கொண்டே ஒரு அப்பா வகுப்புக்குள் தலையை நீட்டுகிறார். கலைப்பிரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டுகிறார். கோபத்தை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

“எல்லாருந்தாங்க ஜெயிச்சாங்க.”

“அது சரி மிஸ், ஃபர்ஸ்ட்டு யாரு?”

கண்ணாடி மறுபடி கீழே இறங்குகிறது.

திண்டிவனத்தில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் அவர் யு.கே.ஜி. மிஸ். கிளியனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவதால், வரும்போதே பாதி எரிச்சலில்தான் இருப்பார். டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அவரே வரைந்த விளையாட்டு ஒன்று அவர் வகுப்பில் உண்டு. களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் கிடக்கின்றன. ஓரத்தில் கரிய மேகம். பகடையில் மூட்டைப் படம் விழுந்தால் ஒரு மூட்டையைக் கொட்டகைக்கு நகர்த்தலாம். மேகம் விழுந்தால் மேகம் ஒரு கட்டம் முன்னேறும். மழை வருவதற்குள் மூட்டையெல்லாம் உள்ளே போய்விட்டால் எல்லோருக்கும் வெற்றி. ஒன்று நனைந்தாலும் எல்லோருக்கும் தோல்வி.

மூட்டைகளுக்குப் பதில் முதலில் நிஜ மல்லாட்டையையே வைத்தார். மழை வருமுன்னே பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். புளியங்கொட்டை வைத்தார், ஒன்று ஒருவன் மூக்குக்குள் போய், டாக்டர் எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது சோடா மூடி. “அதையும் ஒருத்தன் பாக்கெட்டுல போட்டுக்கினு வீட்டுக்குப் பூட்டான். பேஜாருங்க இதுங்களோட” என்கிறார்.

இந்தத் தொல்லையெல்லாம் யாஹ்யாவின் பற்களால் வந்தது. போன வருஷம் வகுப்பில் சேர்ந்த பையன். பாம்பு ஏணியோ ஓட்டப்பந்தயமோ, தோற்றுப்போனால் ஜெயித்தவனைக் கடிப்பான். பெற்றோர்கள் பிள்ளைகளின் கையைத் தூக்கிக்காட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். இன்னொரு முறை கடித்தால் டி.சி. என்று தாளாளர் ஆரோக்கியராஜ் சொல்லிவிட்டார். யாஹ்யாவின் அம்மா ஃபர்ஹீனுக்குக் கணவர் கத்தாரில். மகனுக்காக ஏற்கெனவே ஒரு பள்ளி மாறியாயிற்று. “இதுக்கு மேல எங்க மிஸ் கூட்டிக்கினு போவேன்?” என்று வராந்தாவில் நின்று அழுதார்.

அழுகிறவர்களைக் கண்டால் கலைப்பிரியாவுக்கு எரிச்சல்தான் வரும். “நீங்க அழுதா அவன் பல்லு விழுந்துடுமா? போங்க, நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டார். அந்தப் பையன் அவருக்குப் புரிந்தான். சின்ன வயதில் கேரமில் தோற்றால் ஸ்ட்ரைக்கரைக் கிணற்றில் எறிந்தவர் அவர். இன்றும் தம்பி பூவரசன் அவரோடு சீட்டாட உட்காரமாட்டான்.

அட்டையை விரித்த முதல் நாள் மேகம் முந்திக்கொண்டது. யாஹ்யா எழுந்து, வாயைத் திறந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஜெயித்தவன் ஒருவனும் இல்லை. யாரைக் கடிப்பது? சற்று நின்றுவிட்டு, “இன்னொரு தபா ஆடலாமா மிஸ்?” என்று கேட்டு உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளைகள் பழகிவிட்டார்கள். பெரியவர்கள்தான் பழகவில்லை. செல்போன் கடை செல்வகுமார் தன் மகள் அஸ்வினியின் காதில், “உன் மூட்டைய மட்டும் ஜல்தியா தள்ளிடு” என்பார். “யாரு மூட்டைன்னு அதுல இல்லப்பா” என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

என் அக்கா மகளும் அந்த வகுப்புதான் என்பதால் பெற்றோர் தின விழாவில் நானும் இருந்தேன். பிள்ளைகள் மேடையில் ஆடிக்காட்டுவதாக ஏற்பாடு. தாளாளர் ஒரே ஒரு கப் வாங்கி வந்திருந்தார். “வேணாம் சார்” என்று கலைப்பிரியா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். “கப்பு இல்லாம போட்டோவுல இன்னா மிஸ் காட்றது?” என்றார் அவர்.

மேகம் ஒரு கட்டம் தள்ளி நிற்க, கடைசி மூட்டையை யாஹ்யா உள்ளே தள்ளினான். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தாளாளர் மைக்கைப் பிடித்து, “முதல் பரிசு, அஸ்வினி!” என்று, பக்கத்தில் நின்றிருந்த அவள் கையில் கப்பைக் கொடுத்தார்.

யாஹ்யாவின் முகம் சுருங்கியது. வாய் திறந்தது. ஃபர்ஹீன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கலைப்பிரியா மேடைக்கு ஓடினார். அதற்குள் அஸ்வினி, “இந்தா, இதக் கடி” என்று கப்பை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். கடித்தான். பிளாஸ்டிக் பிடி படக்கென்று உடைந்தது.

“பாத்தீங்களா சார், கடிக்கிறான்!” என்று செல்வகுமார் கத்தினார்.

கலைப்பிரியாவின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. “கப்பத்தான கடிச்சான்? புள்ளைங்க ஒண்ணா ஆடி ஒண்ணா ஜெயிச்சிதுங்க. நடுவுல கப்பக் கொண்டாந்தது யாரு?”

யாரோ ஒரு அம்மா சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. ஆரோக்கியராஜ் அன்றும் டி.சி.யைப் பற்றிப் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. யாஹ்யா இப்போது ஒன்றாம் வகுப்பு. கடிப்பதில்லை, எப்போதாவது கிள்ளுகிறானாம். “அது ஒண்ணாங்கிளாஸ் மிஸ்ஸு பாடு” என்கிறார் கலைப்பிரியா.

சென்ற வாரம் நான் போயிருந்தபோது, புதுப் பிள்ளைகள் அட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் வாசலில் வந்து நின்றார். “இந்த வருஷம் ரெண்டு கப்பா வாங்கிடலாமா மிஸ்?”

கலைப்பிரியா பக்கத்தில் கிடந்த ஒரு குட்டி நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளி, “மொதல்ல உக்காந்து ஒரு ஆட்டம் ஆடுங்க சார்” என்றார்.