எதிர்மனுதாரர் பெயர் கேட்கும் கட்டம்

பெயரை ஓர் இடத்தில் அடித்தால் பதினோரு இடத்தில் அது தானாகப் போய் விழுந்தது. முதல்முறை அதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டிவிட்டேன். குக்கர் எத்தனை விசில் விட்டதோ, சோறு குழைந்தே போயிற்று. "என்ன, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றார் கணவர். "அதுக்கும் மேல" என்றேன்.

திருச்சியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வக்கீலின் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ். எங்களிடம் வருவதில் பாதி குடும்பநல வழக்குகள். பழைய மனு ஒன்றை எடுத்து ஆள் பெயர், ஊர் பெயரை மாற்றிப் புதிய மனுவாக்குவதுதான் வழக்கம். அப்படி ஒருமுறை லால்குடிப் பெண் ஒருத்தியின் மனுவில், ஏழாவது பத்தியில், வேறு யாருடைய புருஷனோ அப்படியே உட்கார்ந்திருந்தான். மனு திரும்பி வந்தது. மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு வந்த ரோஷத்தில்தான் ஆன்லைன் ஃபார்ம் செய்யக் கற்றுக்கொண்டேன். கேள்விக்குப் பதிலைக் கட்டத்தில் அடித்தால் போதும், கீழே மனு தயாராகிவிட வேண்டும். ஆசை பெரிது, தமிழ் எழுத்து படுத்திய பாடும் பெரிது. கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் நிற்கும். மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். எல்லாம் சரியானதும் மேடத்திடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். ஊரிலேயே முதல் ஆள் நான்தான் என்கிற நினைப்பு எனக்கு.

முதலில் வந்து மாட்டியவர் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஏழு வயது மகள் ஸ்ரீரங்கத்தில் அம்மாவோடு இருந்தாள். ஐந்து மாதமாக அவளை இவர் பார்க்கவில்லை.

"முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சாம் மேடம். ஸ்கூல் வேன் டிரைவர் சொன்னாரு. முளைக்கிறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்" என்றார் வக்கீலிடம். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கும் மனுவை அவர் போனிலேயே திறந்து கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒற்றை விரலால் நிரப்பினார். முடிந்ததும் என் திரையில் மனு வந்தது. ஆவலாகப் படித்தேன்.

"மனுதாரருக்கும் அப்படி யாரும் இல்லை என்பவருக்கும் திருமணம் நடைபெற்றது. மேற்படி அப்படி யாரும் இல்லை தற்சமயம் ஸ்ரீரங்கத்தில் வசித்து வருகிறார்."

பதினோரு இடத்திலும் அப்படியே. நான் வாய்விட்டுச் சிரித்தேன். "என்ன சார் இது? எதிர்மனுதாரர் பேரைக் கேட்டா இப்படி அடிச்சு வச்சிருக்கீங்க?"

"எனக்கு எதிரின்னு யாரும் இல்லீங்களே. அவங்க மேல கோவம் இருக்கு. அதுக்காக எதிரின்னு எப்படிங்க போடறது?"

என் சிரிப்பு பாதியில் நின்றது. மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்குக் கோர்ட்டில் அப்படித்தான் பெயர் என்று விளக்கினேன். மாற்றலாம் என்று திரையைப் பார்த்தால், கீழே பச்சையில் 'நகல் அனுப்பப்பட்டது' என்றிருந்தது.

நகல் நிரப்பியவருக்குத்தான் போக வேண்டும். நானோ, ஃபார்மில் கடைசியாக உள்ள போன் எண்ணுக்குப் போகும்படி செய்து வைத்திருந்தேன். கடைசியாக எண் கேட்கும் கேள்வி, 'குழந்தை இப்போது யாரிடம் உள்ளது, அவருடைய போன் எண்.' சோதித்துப் பார்த்தபோது எல்லாக் கட்டத்திலும் என் எண்ணையே போட்டதால் தப்பு தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்காய் முடிந்த கதை. கட்டிய மனைவியை 'அப்படி யாரும் இல்லை' என்று பதினோரு தடவை எழுதிய மனு அவர் கைக்கே போய்விட்டது! இனி அந்த அம்மா மகளைக் காட்டுவாரா?

"போச்சுங்க" என்று குழந்தையின் அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேடம் அந்தப் பக்கத்து வக்கீலின் எண்ணைத் தேடுவதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. அந்த அம்மாவேதான்.

"ஒரு ஃபார்ம் வந்துருக்கு. பதினோரு இடத்துல நான் இல்லவே இல்லைன்னு போட்டிருக்காரு. எண்ணிப் பாத்துட்டேன்."

மேடம் போனைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எனக்கு வாய் நிற்காது. எதிர்மனுதாரர் என்ற சொல்லையும், அதற்கு அவர் சொன்ன பதிலையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"அந்த வார்த்தைக்கு எதிரின்னு அர்த்தம் நெனச்சுட்டாரா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க."

"இந்த லிங்க்ல நான் மாத்தினா மாறுமா?"

மாறும். அதையும் நான் பூட்டி வைக்கவில்லை.

என் திரையில் கட்டங்கள் அசையத் தொடங்கின. நாங்கள் மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். எதிர்மனுதாரர் கட்டத்தில் அந்த அம்மாவின் பெயர் எழுத்தெழுத்தாக வந்தது, பதினோரு இடத்திலும் போய் விழுந்தது. அடுத்தது, பார்க்க வேண்டிய நேரம். குழந்தையின் அப்பா 'ஒரு மணி நேரம், கோர்ட்டிலேயே போதும்' என்று போட்டிருந்தார். அது அழிந்தது. கட்டம் காலியாகவே இருந்தது. அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

'ஞாயிறு காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை.'

எனக்கு மறுபடி கைதட்ட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். அவர்கள் அதற்குப் பிறகும் சேர்ந்து வாழவில்லை, விவாகரத்து ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போன் எண்ணைச் சரிசெய்தேன், லிங்க்கைப் பூட்டினேன். கோர்ட்டின் சொல்லை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்பதால், கட்டத்துக்குக் கீழே 'எதிரி என்று பொருள் அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு, மேடம் அந்த வக்கீலைக் கூப்பிடப் போனை எடுத்தபோது, 'வேறு விவரம்' என்ற கடைசிக் கட்டத்திலும் ஒரு வரி வந்தது. குழந்தையின் அப்பா அதை வாய்விட்டுப் படித்தார்.

"மூணாவது பல்லும் ஆடுது. முறுக்கு வாங்கித் தர வேண்டாம்."