நந்தனத்தில் ஊட்டிக் குளிர்

வருட லீவில் ஊட்டி போவதாக ஆபீசில் சொல்லிவிட்டு, மயிலாப்பூரில் பஸ் ஏறி நந்தனத்து பார் வரைக்கும் வந்திருக்கிறேன். ஏசியில் குளிருக்குக் குறைவில்லை. டிவியில் பெங்களூர் ரேஸ் ஓடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தோணி நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர். நாங்கள் இருவரும் நம்பியிருக்கும் குதிரை எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது.

"இன்னா நைனா, மேஞ்சிக்கினு வருது" என்கிறார்.

போன் அடிக்கிறது. எங்கள் மேனேஜர். பொய் தெரிந்தால் மிச்ச லீவு போச்சு. பாரில் எல்லோருக்கும் என் கதை தெரியும் என்பதால் யாரோ டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள்.

"ஊட்டி மார்க்கெட்லதான் நிக்கிறேன் சார். செம குளிரு."

மார்க்கெட் என்றால் கொஞ்சம் இரைச்சல் வேண்டாமா? அந்தோணி உதவிக்கு வருகிறார். போன் பக்கம் குனிந்து, தொழில் குரலில் கூவுகிறார்.

"கேரட்டே, ஊட்டி கேரட்டே. இப்பதான் வலையிலேர்ந்து எறக்குனது, துள்ளிக்கினு கீது. செவுளத் தூக்கிப் பாத்து வாங்கு."

டிவியில் எங்கள் குதிரை நின்றேவிட்டது.

"சரிப்பா, வரும்போது எனக்கும் ஒரு கிலோ கேரட் வாங்கிட்டு வா" என்கிறார் மேனேஜர். "செதில் எடுத்து, கொழம்புக்கு வெட்டச் சொல்லு."