நீங்களே பாத்துப் போடுங்க

எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு ஒன்பது வருடம் நான் உதவிப் பயிற்சியாளன். அதற்குள் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். நான் மட்டும் கோன்களை அடுக்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போகும் பந்துக்காகக் கத்திக்கொண்டு அங்கேயே இருந்தேன். யாருக்கு முழங்கால் வலி, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், மழை நாளில் எங்கள் சரிவான மைதானத்தில் முதலில் எந்தப் பக்கம் ஆட வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் போல இன்னொருத்தியும் இருந்தாள், எங்கள் பழைய கோல்கீப்பர். இப்போது கொழுந்து பறிக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். யாரும் கூப்பிடாமலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் கோலுக்குப் பின்னால் நின்று, புதிய கோல்கீப்பருக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

மூன்றாவதாகக் கம்பளையிலிருந்து வந்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அன்று எனக்கு நன்றாகவே வயிறு எரிந்தது. சான்றிதழ் இல்லாததுதான் குறை என்று நினைத்து, நான் வேலை செய்யும் தேயிலை பெக்டரியில் லீவு போட்டுக் கொழும்பில் பயிற்சி முடித்து அதையும் ஏற்கெனவே வாங்கி வந்திருந்தேன். பிறகு என் இங்கிலீஷ்தான் காரணம் என்று நினைத்தேன். அப்புறம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான என் லயத்து முகவரி. கோபம் வந்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்?

போன வருடம் அவரும் வேறு வேலை கிடைத்துப் போனார். மறுபடியும் வெளியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதற்காக, ஹட்டனில் இருக்கும் எங்கள் அணிக் கமிட்டிச் செயலாளரின் ஹார்ட்வேர் கடைக்கே போனேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது வருசம் நாயா ஒழைச்சவன் ஒங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்றேன்.

அவர் நிதானமாகத் தராசை வைத்தார். "ஒவ்வொரு தடவையும் ஒங்களத்தானே மொதல்ல கேட்டோம். நீங்கதானே வேணாம்னீங்க?"

"நான் எப்பங்க வேணாம்னேன்?"

"'எனக்கு என்னாங்க தெரியும், நீங்களே பாத்து நல்ல ஆளா போடுங்க'ன்னு சொன்னது யாரு? மூணு மீட்டிங்லயும் அதேதான். ஒக்காரச் சொன்னாலும் ஒக்காராம, கதவுகிட்ட நின்னுக்கிட்டே சொன்னீங்க."

அவர் சொன்னது உண்மை.

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி தரட்டுமா என்று கேட்கும்போது முதலில், "வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்போம். மறுபடி கேட்டால், "ஒங்களுக்கு எதுக்குங்க செரமம்" என்போம். மூன்றாம் தடவைதான் கை நீட்டுவோம். முதல் தடவையே நீட்டுகிறவனுக்குப் பறக்காவெட்டி என்று பெயர். பதவியையும் நான் தேத்தண்ணி மாதிரியே நினைத்துவிட்டேன். ஒவ்வொரு மீட்டிங்கிலும் கமிட்டி ஒரு தடவை கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் இரண்டாம் தடவைக்காகக் கதவோரம் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கமிட்டியில் இருப்பதும் நம்ம ஆட்கள்தானே, அவர்களுக்கு இது தெரியாதா என்று இன்னொரு கோபமும் வந்தது.

"வாயுள்ள புள்ளதான் பொழைக்கும்," என்றார் செயலாளர். "இப்பக் கேக்குறேன். வேணுமா, வேணாமா?"

பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வேணுங்க!"

ஆணி வாங்க வந்தவர் பயந்து திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் கதிரையில் உட்கார்ந்து அதையே மெதுவாகச் சொன்னேன். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் ஒரு வருடம் பார்ப்போம் என்று முடிவானது. வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஓர் உதவிப் பயிற்சியாளர் வேண்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமை நேராகக் கோலுக்குப் பின்னால் போனேன்.

"தங்கச்சி, என்கூட உதவிக் கோச்சா வர்றியா?"

"ஐயோ அண்ணே, எனக்கு என்னா தெரியும்? நீங்களே பாத்து நல்ல ஆளா போடுங்க," என்றாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டேன்.

"வீட்டு வேலைக்கே நேரம் பத்தலண்ணே."

மூன்றாம் தடவையும் கேட்டேன். அவள் கோலில் நின்ற புதிய கோல்கீப்பரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கும் ஒரு விசில் வாங்கிக் குடுங்கண்ணே," என்றாள்.