ஓடாவி வீட்டுக்கு வந்த சந்தூக்கு

“இன்னும் அந்த முசீபத்த நீ விடல்லயா?”

முசீபத்து, பீடை, என்று ராத்தா சொன்னது இன்டர்நெட்டில் நான் எழுதும் புளொக்கை. கேட்டுவிட்டு அவள் மீன் சட்டியைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிழமைக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்பாள். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து மூன்றாவது வருடம், ஒப்படை கொடுக்க இரண்டே நாள், பகல் முழுக்கப் பாலர் பாடசாலையில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து ஒருத்தி புளொக் எழுதக் குந்தினால் கூடப் பிறந்தவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். உண்மையைச் சொன்னால் எனக்கே வருகிறது. அலுத்துப் போய்விட்டது. எத்தனையோ தடவை மூடப் பார்த்தேன். மூடாமல் விட்டதற்குப் பெரிய இலட்சியம் ஒன்றும் காரணமில்லை. எங்கள் பள்ளிவாசல் சந்தூக்கின் கால் ஒன்று உடைந்ததுதான் காரணம். இறந்தவரின் மையத்தை வைத்து அடக்க மையவாடிக்குத் தூக்கிப் போகிறோமே, அந்தச் சந்தூக்கு.

நான் எழுதத் தொடங்கியது உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவையும் கோட்டை விட்ட வருடம். யுத்தம் முடிந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. கரைத்தீவிலிருந்து புத்தளம் டவுனுக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி பாலாவிக்கு இன்னொரு பஸ். பாலாவிச் சந்தியில் ஒரு கடைக்கு மேல் மாடியில் டியூசன். கீழே லொறிகள் இரைய இரைய சேர் மேலே நின்று தர்க்கவியல் கத்துவார். தூசு கொப்பியில் படிந்து பேனை வழுக்கும். மூன்றாம் தடவைதான் கடைசித் தடவை. அதிலும் தவறினால் வீட்டில் கல்யாணக் கதை தொடங்கிவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் தூங்கி, பாடத்தில் தூங்கி, தொழுகைப் பாயிலும் தூங்கி விழுந்த காலம் அது.

அப்படிப்பட்டவளுக்கு எழுத்து என்ன கேடு என்று கேட்டால், பஸ்ஸில் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் கடை இருந்தது. அடுத்த பஸ் வரும் வரைக்கும் அதில் குந்தி எதையாவது அடிப்பேன். கொண்டக்டரைத் திட்டி எழுதினேன், தர்க்கவியலைத் திட்டி எழுதினேன். மூன்று பேர் வாசித்தார்கள். அதில் ஒரு ஆள் நான்தான்.

ஒருநாள் கட்டாரிலிருந்து யாரோ கீழே எழுதியிருந்தார்: “தங்கச்சி, பஸ் கதை நல்லம். எங்கட ஆக்கள் ஆரும் மௌத்தானா அதையும் போடுங்க. எங்களுக்கு ஒண்டும் தெரிய வருதில்ல.” வடக்கில் ஒரே ஊரில் இருந்து துரத்தப்பட்ட சனம் நாங்கள். கொஞ்சப் பேர் கரைத்தீவில், கொஞ்சப் பேர் கற்பிட்டி ரோட்டில், கொஞ்சப் பேர் கொழும்பில், பொடியன்மார் எல்லாம் அரபு நாட்டில். பள்ளி ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தால் களப்புக் கரை வரைக்கும்தான் கேட்கும். ஆகவே போட்டேன். பழைய ஊரில் எந்தத் தெரு, ஆருடைய உம்மா, ஆருடைய வாப்பா, எத்தனை மணிக்கு அடக்கம். மூன்று பேர் முந்நூறு பேரானார்கள். தர்க்கவியலில் நான் பாஸ் பண்ணுவேனா என்று காத்திருக்க ஒருவரும் இல்லை. இதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தச் சந்தோசத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

எங்கள் ஒழுங்கை முனையில் மரவேலை செய்யும் ஓடாவி நானாவின் வீடு பஸ் ரோட்டோடு இருந்தது. அவருடைய உம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். நெஞ்சு வருத்தம், நடந்தால் மூச்சு வாங்கும், ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கையை விரித்து அனுப்பிவிட்டார்கள். மாமியின் சின்ன மகன் கட்டாரில் இருந்தான். அவன் உம்மாவோடு கதைப்பதில்லை.

கதைக்காததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். வடக்குக்குத் திரும்பிப் போகலாம் என்று வந்ததும், உம்மாவைப் பதியச் சொன்னான் அவன். பழைய காணியில் வீடு கட்டித் தருகிறேன் என்றான். மாமி மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய புருசன் அகதியாக வந்த இடத்தில்தான் மௌத்தானார். கரைத்தீவு மையவாடியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் கிடந்தது. “நான் அங்க போய் மௌத்தானா, அவர் இங்க தனியக் கிடப்பாரே” என்றார் மாமி. “அப்ப அந்தக் கபுறோடயே குடும்பம் நடத்துங்க” என்று சொல்லிப் போனை வைத்தவன், அதற்குப் பிறகு கோல் எடுக்கவில்லை. பதினொரு மாதம்.

ஆனால் என் புளொக்கை வாசித்தான். ஆர் மௌத்தானாலும் கீழே ஒரு வரி எழுதுவான்: இன்னா லில்லாஹி. அடியில், ஓடாவியார்ர தம்பி, கட்டார். நான் பஸ்ஸால் இறங்கி வரும்போது மாமி வாசலில் கதிரை போட்டு இருப்பார்.

“மகள், இண்டைக்கு எழுதினானா?”

“ஓம் மாமி. இன்னா லில்லாஹி எண்டு எழுதி இருக்கார்.”

“அப்ப சுகமா இரிக்கான்.” கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துக்கொண்டு, “ரெண்டு கிழமையா ஒருத்தரும் மௌத்தாகல்லயேண்டு பாத்துக்கிட்டு இருந்தன். அல்லாஹ் மன்னிக்கணும்” என்பார். பிறகு தன் பேச்சைத் தானே நினைத்துச் சிரிப்பார், இருமல் வரும்.

அந்த நாள் காலையில் எனக்குத் தர்க்கவியல் மாதிரிப் பரீட்சை. விடிய எழும்பிப் படித்ததில் தலை கனத்திருந்தது. பஸ் ஓடாவி நானாவின் வீட்டைத் தாண்டும்போது யன்னலால் பார்த்தேன். இரண்டு பேர் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் படலைக்குள் நுழைந்தார்கள். எங்கள் ஊரில் சந்தூக்கு ஒரு வீட்டுக்குப் போனால் அதற்கு மேல் விளக்கம் கேட்கிற வழக்கமில்லை. பார்த்தவுடனே இன்னா லில்லாஹி சொல்வோம், அடுத்து குளிப்பாட்டுவது ஆர் என்றுதான் கேட்போம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசியும் சொன்னார். நானும் சொன்னேன். கண்ணும் கலங்கிவிட்டது.

புத்தளத்தில் அடுத்த பஸ்ஸுக்குப் பன்னிரண்டு நிமிசம் இருந்தது. கடைக்குள் ஓடினேன். பழைய ஊரில் பள்ளிக்குப் பின்தெரு, ஓடாவியாரின் உம்மா இன்று காலை கரைத்தீவில் வபாத்தானார்கள், அடக்க நேரம் பின்னர் அறிவிக்கப்படும். இவ்வளவுதான் அடித்தேன். வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. கட்டாரில் இருக்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதுதான் மண்டைக்குள் நின்றது. பாலாவிக்குப் போய், போனை நிற்பாட்டிச் சேருடைய மேசையில் வைத்துவிட்டு, பகல் வரைக்கும் பரீட்சை எழுதினேன்.

வெளியே வந்து போனைப் போட்டதும் அது நிற்காமல் அதிர்ந்தது. அதற்குள் ராத்தாவே கோல் எடுத்தாள்.

“ஏன்டி, உனக்கு மண்ட கழண்டா? மாமி இங்க கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கா!”

“சந்தூக்கு போனதே ராத்தா, நான் கண்ணால கண்டன்.”

“அதுட கால் உடைஞ்சி, நானாட்ட செய்யக் குடுத்த! ஓடாவி வீட்டுக்குச் சந்தூக்கு வேற என்னத்துக்குப் போகும்?”

பாலாவிச் சந்தியில் அப்படியே நின்றேன். லொறிக்காரன் ஹோன் அடித்து ஏசினான். அவர் ஓடாவி என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அலுமாரியே அவர் செய்ததுதான். அந்த நேரத்தில் அது வருத்தக்காரி இருக்கிற வீடு என்பது மட்டும்தான் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் செத்துப் போனேன். இரண்டு பஸ்ஸிலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கே அந்தப் புளொக்கை அடியோடு அழித்துவிடுவது என்று முடிவெடுத்தாயிற்று.

ஓடாவி நானாவின் முற்றத்தில் கற்பிட்டி ரோட்டிலிருந்து மையத்துப் பார்க்க வந்த பெண்கள் சீனிப் பார்சலோடு என்ன செய்வதென்று தெரியாமல் குந்திக்கொண்டிருந்தார்கள். சந்தூக்கு கவிழ்ந்து கிடந்தது. நானா இழைப்புளியை நிற்பாட்டி என்னைப் பார்த்தார்.

“படிச்ச புள்ளதானே நீ? ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சி போகுமா? பொடியன் அங்க பைத்தியக்காரன் மாதிரி அழுதிருக்கான்.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: “அவள ஏசாத. இங்க வா மகள்.”

மாமி கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். நடந்ததை அவரே சொன்னார். சின்ன மகன் அங்கே சுபஹுத் தொழுதுவிட்டுப் போனைத் திறந்திருக்கிறான். நானாவுக்குக் கோல் எடுத்தால், இழைக்கிற இரைச்சலில் நானாவுக்குக் கேட்கவில்லை. போன் மாமியின் கட்டிலடியில் சார்ஜில் கிடந்தது. நானாவின் தொழில் போனை மாமி தொடுவதில்லை. அடித்து அடித்து ஓய்ந்து, பிறகும் அடித்து, தலையிடி தாங்காமல் கடைசியில் எடுத்தாராம்.

“எடுத்தா ஒரே அழுகை. ‘உம்மா என்னய மன்னிக்காமப் போயிட்டாவே, மதினி’ங்கிறான். நானாட பொஞ்சாதி எடுத்ததெண்டு நெனச்சிட்டான், மதினியாம் நான்!” மாமி சிரித்தார், கண்ணில் தண்ணீர் ஓடியது. “நான் சத்தம் போடல்ல. கொஞ்சம் அழட்டும் எண்டு விட்டன். பதினொரு மாசம் மகள். பொறகுதான் சொன்னன், நான் ஹயாத்தோடதான் இரிக்கன்டா, மூக்கத் துடை எண்டு. அவன்ட ரூமில எல்லாரும் வரிசையா நிண்டு எனக்கு ஜனாஸா தொழுகையும் முடிச்சிட்டாங்களாம்.”

“மன்னிச்சிடுங்க மாமி. இப்பவே அத அழிச்சிடுறன். முழுசா அழிச்சிடுறன்.”

மாமி என் கையைப் பிடித்தார். “அழிச்சிடாத. முதல்ல அவன் என்ன எழுதினான் எண்டு வாசி. போன் எடுக்கல்லயெண்டு அதுல ஏதோ எழுதினதாச் சொன்னான், என்னெண்டு சொல்ல மாட்டேங்கிறான்.”

என் போனில் எழுத்து பாதி கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ராத்தா வீட்டுக்கு ஓடி, அவளுடைய போனைப் பறித்துக்கொண்டு வந்து திறந்தேன். அடியில் வழக்கமான அந்த ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே இன்னும் இருந்தது. நான் வாசித்தேன்: “நானா, போனை எடுங்க. நான் வர மூணு நாள் போகும், எனக்காக வச்சிருக்க வேணாம். வாப்பாவுக்குப் பக்கத்துல அந்த இடம் இன்னும் இருந்தா உம்மாவை அங்கயே அடக்குங்க. அவ கேட்டது சரி. நான்தான் கதைக்காம இருந்தன்.”

மாமி கண்ணை மூடிக்கொண்டு இன்னொருக்கா வாசி என்றார். வாசித்தேன். அவ கேட்டது சரி என்ற இடத்தில் நிற்பாட்டச் சொல்லி, திரும்பவும் அதிலிருந்து வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு நாலைந்து தடவை வாசித்திருப்பேன். அடுத்த நாட்களிலும் பஸ்ஸால் இறங்கி வரும்போது அதைத்தான் கேட்டார். ஆர் மௌத்தானார்கள் என்று அதற்குப் பிறகு அவர் கேட்டதேயில்லை.

பள்ளி நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, பொம்பிளைப் புள்ளைக்கு இந்த வேலை என்னத்துக்கு என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வாப்பா என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். தப்பைத் திருத்தி ஓர் அறிவித்தல் போட்டேன். பழையதை அழிக்கவில்லை.

லீவு கிடைத்து மாமியின் சின்ன மகன் வந்தது என் பரீட்சை தொடங்கிய கிழமை. தர்க்கவியல் எழுதிவிட்டு வரும்போது மாமி வாசலில் இருந்தார், பக்கத்துக் கதிரையில் தாடியும் மெலிந்த கையுமாக ஒருத்தன் இருந்து அவருக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாமி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், கூப்பிடவில்லை. பதினெட்டு நாள் அவன் அந்தக் கதிரையை விட்டு அசையவில்லை. நான் மூன்றாம் தடவையும் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணாமல் போனது பிறகு நடந்த கதை. அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் சந்தூக்கு திரும்பவும் அந்தப் படலைக்குள் போனது. நான் பார்த்ததை நம்பவில்லை. உள்ளே போனேன், மாமியின் முகத்தைப் பார்த்தேன், நெற்றியைத் தொட்டேன். பிறகுதான் டவுனுக்குப் போய் எழுதினேன்: ஓடாவியாரின் உம்மா, பழைய ஊரில் பள்ளிக்குப் பின்தெரு. லுஹர் தொழுகைக்குப் பிறகு கரைத்தீவு மையவாடியில், கணவருக்குப் பக்கத்தில்.

அன்றைக்குப் பின்னேரத்துக்குள் நூற்றுக்கு மேல் ஆட்கள் அதற்குக் கீழே இன்னா லில்லாஹி எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாக இறக்கி இறக்கிப் பார்த்தேன், கட்டாரிலிருந்தும் நிறைய இருந்தது. அவனுடைய வரி மட்டும் இல்லை. அவன், சந்தூக்கில் நானா செய்து போட்ட புதுக் கால் இருந்த பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னுக்கு நடந்து போனதை எங்கள் படலையில் நின்று நான் பார்த்திருந்தேன்.