அரை வாளி மஞ்சள்

"இது சும்மாதான், காசு ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லி மாமா கடற்கரையில் வலை வைக்கிற கொட்டிலான எங்கள் வாடிக்குள் பெயின்ற் வாளியை இறக்கி வைத்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அரை வாளி மஞ்சள். மூடியைச் சுற்றிக் காய்ந்து தடித்த விளிம்பு. அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், அவருக்குப் பக்கத்தில் நான் நூல் பிரித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த நூல் அப்படியே நின்றுவிட்டது.

மாமா சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. படகுக்குள் வரும் தண்ணீரை இறைக்க ஒரு தகரப் பேணி கேட்டால்கூட, "உங்கட பேணிக்கு என்ன நடந்தது?" என்று முழு விசாரணையும் நடத்திவிட்டுத்தான் தருவார். அவர் எனக்கு ஞானத்தகப்பன். திருமுழுக்கில் என்னைக் கையில் ஏந்தி நின்றவர். சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை எடுத்த அன்று செபமாலை ஒன்றை என் கையில் தந்துவிட்டு, அது வந்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தபோது கடற்கரை முழுக்க வெடி கொளுத்தியவரும் அவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பெருநாள் வருது மச்சான்" என்று அப்பாவிடம் தொடங்கினார். "படகோட்டத்திலை உன்ர படகு ஏன் ஒவ்வொருமுறையும் கடைசியா வருது எண்டு யோசிச்சனியோ? நிறம்! அது நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. அரிசி கழுவின தண்ணி மாதிரி ஒரு நிறம். மஞ்சள் அடி. என்ர படகைப் பார். பறக்கும்."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். அப்பா ஊசியைக் கீழே வைத்தால் விஷயம் மனதுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் கோயில் பெருநாளில் நடக்கிற படகோட்டத்தில் ஒருமுறையாவது முன்னுக்கு வரவேண்டும் என்பது அவருக்கு உள்ள ஒரே ஆசை. கரையில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும். மாமாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

"மாமா, எஞ்சின் தள்ளுது, படகு போகுது. இதிலை மஞ்சள் எங்க வந்தது?" என்று கேட்டேன்.

"நீ படிச்சனீதானே பிள்ளை. வெயிலுக்குக் கறுப்புச் சட்டை போட்டா வேர்க்குமோ இல்லையோ?"

"வேர்க்கும்."

"அப்ப கடும் நிறம் அடிச்சாப் படகுக்கும் வேர்க்கும். வேர்த்தாக் களைக்கும். களைச்சா எப்பிடி ஓடுறது?"

அப்பாவோடு தொழிலுக்குப் போகிற சித்தப்பா மூலையில் படுத்திருந்தவர் எழும்பிவிட்டார். "என்ன விசர்க் கதை அண்ணை! படகு களைக்கிறதெண்டா, கரையிலை இழுக்கேக்கை நான் ஏன் மூச்சு வாங்குறன்? ஓட்டத்துக்கு நிறம் தேவையில்லை. மீனுக்குத்தான் தேவை. மீன் கீழயிருந்து மேல பாக்குது. அடிக்குப் பச்சை அடிச்சா, பாசி எண்டு நினைச்சுத் தானா வரும்."

"உன்ர சாரமும் பச்சைதானே" என்றார் மாமா. "அதைக் கட்டிக்கொண்டு எத்தினை வருசமாக் கடலுக்குப் போறாய், ஒரு மீனாவது உன்னை நம்பி வந்ததோ?"

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "போன பெருநாளிலை எங்கட படகிலை சித்தப்பாவின்ர சிநேகிதர் நாலு பேர் ஏறி இருந்தவை மாமா. அதிலை ஒருத்தர் மேளத்தோட."

"மேளம் பாரமில்லைப் பிள்ளை. உள்ள வெறுங்காத்து."

அந்த நேரத்தில் அம்மா பிளேன்ரீ கொண்டு வந்தா. வாசலில் நின்று கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "ஏன் இவ்வளவு சண்டை? ஒரு பக்கம் மஞ்சள் அடியுங்கோ, மற்றப் பக்கத்தை இப்பிடியே விடுங்கோ. எந்தப் பக்கம் முந்தி வருதெண்டு பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றா.

வாடியே அதிரச் சிரிப்பு. சித்தப்பாவுக்குப் பிளேன்ரீ மூக்கால் வந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "இல்லைத் தங்கச்சி, ரெண்டு பக்கமும் மஞ்சள்தான் அடிக்கவேணும்" என்று அவசரமாகச் சொன்னார். ஒரு பகிடிக்கு இவ்வளவு கவனமாக யாராவது பதில் சொல்வார்களா? ரெண்டு பக்கமும். அந்தச் சொல் எனக்குள் முள்ளுப்போலக் குத்திக்கொண்டு நின்றது.

அப்பாவின் பாரைப் பற்றிச் சொன்னால்தான் என் பயம் விளங்கும். பார் என்பது கடலுக்கடியில் உள்ள கல். அதன் பொந்துகளில்தான் கலவாய் மீன் கிடக்கும். அப்பாவிடம் அப்படி ஒரு பார் இருக்கிறது. கோயில் கோபுரம் எதற்கு நேரே வரவேண்டும், தண்ணீர்த் தாங்கி எதற்குப் பின்னால் மறையவேண்டும் என்று ஒரு கணக்கை மனதில் வைத்து அங்கே போவார். ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைக்கமாட்டார். கருவியை யாரும் எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? விடிய முன் இருட்டில் தெற்கே புறப்படுவார், பிறகு சற்றே வெளிச்சம் வந்ததும் எங்கேயோ திரும்புவார். அவரிடம் பார் இருப்பது கரை முழுக்கத் தெரியும். எங்கே என்பது சித்தப்பாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் சிலிண்டர் கட்டிக் கடலடிக்குச் சுழியோடுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் ஒரு கல்லைத் துடைத்து எடுத்தால் பிறகு அங்கே கல் மட்டும்தான் இருக்கும். எங்கள் வீடு அந்தக் கல்லின் மேல்தான் நிற்கிறது. நான் படித்ததும் அதில்தான்.

அடுத்தநாள் பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் நான் படிப்பிக்கிற ரியூசன் வகுப்பு பின்னேரம்தான். காலையில் கடற்கரை மணல் மேட்டில் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது. சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும்வரை எல்லாப் படகும் கறுப்புப் புள்ளிதான், நிறம் என்ற கதைக்கே இடமில்லை. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக நிறம் பூசிக்கொண்டன. சிவப்பு ஒன்று. வெள்ளை ஒன்று. அதோ, தொலைவில், யாரோ கடலில் வாழைப்பழத்தைப் போட்டுவிட்டுப் போனதுபோல மாமாவின் மஞ்சள். எங்கள் படகை மட்டும் காணவில்லை. கண்ணைச் சுருக்கினேன், கையைக் குவித்து வைத்துப் பார்த்தேன். இல்லை. பிறகு திடீரென்று, கரையில் அலை உடைகிற இடத்துக்குக் கிட்ட வந்தபிறகு, சித்தப்பாவின் பச்சைச் சாரம் தெரிந்தது. அதற்குக் கீழே எங்கள் படகு!

அப்போதுதான் விளங்கியது. அந்த அரிசி கழுவின தண்ணி நிறம் அழுக்கு இல்லை, அது எங்கள் பூட்டு. கடலில் ஓரிடத்தில் நெடுநேரம் நிற்கிற படகு "இங்கே மீன் இருக்கிறது" என்று கத்துகிற படகு. எங்கள் படகு கத்தினாலும் யாருக்கும் தெரியாது. மஞ்சள் அடித்தால்? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டுமென்றால், இரண்டு பக்கமும் அடிக்கத்தானே வேண்டும்?

அன்றிலிருந்து எல்லாரையும் சந்தேகித்தேன். சித்தப்பா மாமாவிடம் பீடி வாங்கிப் பற்றுவதைப் பார்த்தால் சந்தேகம். மாமா எங்கள் வேலிப் படலையில் சைக்கிளை மறுபக்கம் சாத்தினால் சந்தேகம். ஒருநாள் றோட்டில் மறித்து, "அப்பா இண்டைக்கு எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து அவர் கேட்கிற கேள்விதான். ஆனால் இப்போது அது வேறு கேள்வியாகக் கேட்டது.

"செட்டிகுளம் பக்கம் மாமா."

"அங்க வயல்தானே!"

"ஓம். எங்கட படகுக்கு வேர்க்குதாம், கொஞ்சம் காத்து வாங்கப் போட்டுது."

விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. தன் சைக்கிளுக்கும் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறார், வாடிக் கதவுக்கும் அடித்திருக்கிறார். மஞ்சள் வேகம் தரும் என்று உண்மையாகவே நம்புகிற மனுசனோ?

அப்பாவிடம் சொன்னேன். பெயின்ற் அடிக்கத் தூரிகை கழுவிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, "அவன் உன்னைத் தூக்கி நிண்டவன். அப்பிடி நினைக்கக்கூடாது" என்றார்.

"நான் நினைக்கேல்லை அப்பா. சோதிச்சுப் பாப்பம் எண்டுதான் சொல்லுறன்."

"மனுசரைச் சோதிக்கிறதோ?"

"நிறத்தைச் சோதிப்பம். பிறகு மனுசர் தானாத் தெரிவினம்."

அப்பா தூரிகையை மறுபடி அலசினார். குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கின்மேல் மழை படாமல் ஒரு பழைய தறப்பாள் மூடிக் கிடந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கடும் நீலம். மறுபக்கம் தோடம்பழ நிறம், பழுத்த ஆரஞ்சு போல. பெயின்ற் அடித்தால் சுரண்ட வேண்டும். தறப்பாளைப் புரட்டினால் போதும்.

அப்பாவோடு ஒரு ஒப்பந்தம் செய்தேன். படகின் முன்பாதியில் தோடம்பழப் பக்கம் மேலே வரத் தறப்பாளை விரித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை போகவேண்டும். பாருக்கு அல்ல. மணல் மேட்டிலிருந்து தெரிகிற சேற்றுத் தரைக்கு. ஒரு மீனும் நிற்காத இடம். வெயில் ஏறும்வரை தூண்டிலைப் போட்டுவிட்டு, மீன் படுகிற மாதிரி அங்கேயே நிற்கவேண்டும். மாமா தன் வலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டால், நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டு என் கையாலேயே படகுக்கு மஞ்சள் அடிப்பேன், இரண்டு பக்கமும். எங்கள் படகு நிற்கிற இடத்தைத் தேடித் திரும்பி வந்தால், அவருக்கு வேண்டியது எங்கள் பார்தான், அரை வாளியும் அவர் வாடிக்கே போகும்.

"வந்தா அவனோட என்ன கதைக்கிறது?" என்று அப்பா கேட்டார். பிறகு அவரே, "சரி, ஒருக்காப் பாப்பம்" என்றார். தூரிகையைக் காயவைத்தார்.

இன்று பின்னேரம் தறப்பாளை முற்றத்தில் விரித்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது மாமாவே வந்துவிட்டார்.

"இன்னும் அடிக்கேல்லையோ?"

"முதல்ல இதைக் கட்டிப் பாப்பம் மாமா. மஞ்சளுக்குக் கிட்டின நிறம்தானே. வேகம் கூடுதோ எண்டு நாளைக்குத் தெரியும்."

குனிந்து தறப்பாளின் ஒரு மூலையைப் புரட்டிப் பார்த்தார். "மறுபக்கம் நீலமோ?"

"ஓம்."

"அப்ப இந்தப் பக்கம்தான் மேலை வரவேணும். கொப்பருக்குச் சொல்லு, மறந்துபோவார்." முடிச்சுக் கழன்றுபோகாமல் இருக்கத் தன் சைக்கிளில் கிடந்த நைலோன் கயிறு ஒன்றையும் அவிழ்த்துத் தந்தார். சும்மா. திருப்பித் தா என்றும் சொல்லவில்லை.

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அம்மா, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி?" என்றா.

நாளைக்கு விடிய முன் அப்பாவும் சித்தப்பாவும் போவார்கள். சித்தப்பாவுக்கு நிறத்தின் வேகத்தைப் பார்க்கிறோம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். நான் மணல் மேட்டில் இருப்பேன். சூரியன் ஏறிக் கறுப்புப் புள்ளிகள் நிறமாக மாறும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு தோடம்பழத்தை விட்டுவிட்டு மஞ்சளை மட்டும்தான் பார்க்கப்போகிறேன். என் கணக்கு சரியாக வரவேண்டும் என்று இதுவரை எல்லாப் பரீட்சைக்கும் மன்றாடியிருக்கிறேன். பிழையாக வரவேண்டும் என்று மன்றாடுவது இதுதான் முதல் தடவை.

தறப்பாள் காய்ந்துவிட்டது. மாமாவின் கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறேன்.